அறுபத்து நான்கு குண்டூசிகள்

போக்னாவும் நானும் ஒரே உயரம்.
தோளும் ஏறத்தாழ அதே அளவு.
தையல் பொம்மை வாங்கும் காசு மிச்சம் என்றாள்.
ஏப்ரல் முழுக்க நான் நின்றேன்
சமையலறை முக்காலியின் மேல்,
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்தில்.

துணி, எடைபோட்டு விற்கும் பழந்துணிக் கடையில் கிடைத்தது.
ஏதோ ஓட்டலின் மெத்தை உறை,
சாம்பலில் பச்சைக் கோடு,
ஒரு கிலோ எண்ணூறு கிராம்.
கறி மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவள்,
தராசைப் பார்த்த பிறகுதான் துணியைப் பார்த்தாள்.

ஜிப் வேண்டாம்.
அந்த வருஷம் ஜிப்புக்கும் பாவாடைக்கும் அறிமுகமே இல்லையாம்.
இருபத்து மூன்று கொக்கிகள், கையால்.
ஒவ்வொன்றுக்கும் நான் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்
இல்லாத இடுப்பை இருப்பதாக நினைத்துக்கொண்டு.

கீழ்வீட்டு குஷ்மா குழாய் ஒழுகுவதாகச் சொல்ல வந்தார்.
கதவைத் திறந்தேன்.
ஒரு கையில் பூசணி போல் உப்பிய சட்டைக்கை,
மறு கையில் வெள்ளரி ஊறுகாய்.
அவர் குழாயைப் பற்றி மட்டும் பேசினார்.
நல்ல மனிதர்.

"இந்த ஊரில் அந்த வருஷம்
துணி நெய்தவர்கள் யாரும் இப்படி உடுத்தியிருக்க மாட்டார்கள்" என்றேன்,
முக்காலியின் உயரம் தந்த தைரியத்தில்.
வாயில் ஊசிகளோடு அவள் தலையாட்டினாள்.
பிறகு ஊசிகளைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"தெரியும். அவள் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் இது.
திரும்பு."

மே மாதம் ஓர் இரவு
இடது கையை வலது தோளில் தைத்துவிட்டாள்.
முழங்கை பின்பக்கம் மடங்கியது.
பிரித்தாள்.
தைக்க நாற்பது நிமிஷம், பிரிக்க இரண்டு மணி நேரம்.
தரையெல்லாம் நூல் பிசிறு, ஒட்டக் கத்தரித்த முடியைப் போல.
நான் முக்காலியிலிருந்து இறங்கவே இல்லை.
இறங்கு என்று அவள் சொல்லவும் இல்லை.

குண்டூசிகள் என் பொறுப்பு.
அறுபத்து நான்கு கொடுத்தேன்,
அறுபத்து மூன்று திரும்பின.
காந்தத்தை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் தவழ்ந்தேன்.

ஜூனில் பிக்னிக்,
வூச் நகரத்துப் பழைய ஆலைக்குப் பின்னால், பூங்காவில்.
நான் காலை ஷிஃப்ட் முடித்து
டிராமிலிருந்து நேராகப் போனேன்.
புல்வெளியில் நாற்பது சீமாட்டிகள்,
ஐந்தாறு மீசைகள், அதில் இரண்டு ஒட்டியவை.
போக்னா தரையிறங்கும் பலூனைப் போல
மெதுவாக, பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.
சட்டைக்கைகளுக்கு மட்டும் ஒரு நொடி கழித்துத்தான் சேதி போனது.

இறகுத் தொப்பிக்காரி ஒருத்தி என்னைச் சுற்றிவந்தாள்.
"அருமை. எந்த ஆண்டு?"
"இந்த ஆண்டுதான். ஜனவரியில், டெப்போவில் கொடுத்தார்கள்."
குனிந்து என் பட்டன் துளையைத் தடவிப் பார்த்தாள்.
"மெஷின் காஜா," என்று பெருமூச்சு விட்டாள்.
"பரவாயில்லை, முதல் முறைதானே."
போக்னா சிரித்த சிரிப்பில்
எட்டாவது கொக்கி தெறித்தது.

பீட்ரூட் குளிர்சூப் ஜாடியைத் திறந்தோம்.
அது தன் வேலையைச் செய்தது:
மடியில், உள்ளங்கையளவு ரோஜா நிறம்.
அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பாவாடைக்குள் ரகசியமாய் வைத்த பெரிய பையிலிருந்து
கைக்குட்டை, கொசு மருந்து, என் மூக்குக் கண்ணாடி,
பாதி ரொட்டி எல்லாம் எடுத்து வைத்தாள்.
கைக்குட்டையால் என் வாயைத் துடைத்தாள்.
கறையை விட்டுவிட்டாள்.

மழை வரும்போல இருந்தது, வரவில்லை.
எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.
"ஆ" என்றாள், விலாவைப் பிடித்துக்கொண்டு.
எனக்கு அந்த இடம் தெரியும்.
மூன்றாவது தையலுக்கும் உள்துணிக்கும் நடுவே,
என்னை ஏப்ரலில் குத்திய அதே இடம்.
விரலை விட்டு உருவினேன்:
அறுபத்து நான்கு.

சட்டைக் காலருக்கு அடியில் செருகிக்கொண்டேன்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.
வளைவுகளில் மணி அடிக்கத் திரும்பும்போது
லேசாகத் தெரியும்.